சின்னத்திரையில் உங்கள் மனதில் நின்ற நடிகர் யார்? ஏன்?

யோசிக்கவே வேண்டாம், ஜி. மாரிமுத்து. ‘எதிர்நீச்சல்’ தொடரின் ஆதி குணசேகரன் என்றால் உடனே பிடிபடும். “வில்லனைப் போய் யாராவது மனசுல வச்சுக்குவாங்களா?” என்று என் தம்பி கேட்பான். எங்கள் வீட்டில் அந்தத் தொடர் ஓடிய விதத்தைச் சொன்னால்தான் புரியும்.

2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கியது. ‘கோலங்கள்’ எடுத்த திருச்செல்வம்தான் இயக்கம். மதுரையில் ஒரு பெரிய வீடு. படித்த பெண்களாகப் பார்த்து மருமகள்களாகக் கொண்டுவந்து அடுப்படியில் நிறுத்திவிடுகிற அண்ணன் தம்பிகள். மூத்தவர் குணசேகரன் வைத்ததுதான் சட்டம். ராத்திரி ஒன்பதரை ஆனால் அம்மா முறத்தில் பூண்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார், மறுநாள் குழம்புக்கு உரித்து வைக்க. தொடர் ஆரம்பித்த புதிதில் ஒருநாள், குணசேகரன் பேசிக்கொண்டிருக்கும்போது அம்மாவின் கை அப்படியே நின்றது. பாதி உரித்த பல் விரலிலேயே இருக்கிறது.

“எங்க ஐயா பேசுற மாதிரியே இருக்குடா” என்றார்.

எங்களுக்குத் தேனிப் பக்கம். அம்மா ஆசிரியர் பயிற்சி முடித்தவர். அவர் ஐயா, அதாவது என் தாத்தா, அவரை ஒருநாள்கூட வேலைக்கு அனுப்பவில்லை. அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. “போறதுன்னா போத்தா. திரும்பி வரும்போது நான் இருக்க மாட்டேன்” என்று வெற்றிலையை மடித்தபடியே சொல்லிவிட்டு எழுந்து போனாராம். அத்தோடு முடிந்தது. இதை அம்மா எங்களிடம் சொன்னதே அந்தத் தொடர் வந்த பிறகுதான். சான்றிதழ் பெட்டியில் இருப்பதே எங்களுக்கு அதுவரை தெரியாது.

மாரிமுத்துவின் நடிப்பில் நான் மதிப்பது இதைத்தான். சினிமா வில்லன் யார் வீட்டுக்கும் வரமாட்டான். குணசேகரன் எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே இருந்தார். ‘இந்தாம்மா’ என்பது எங்கள் ஊரில் வாஞ்சையாகக் கூப்பிடுகிற சொல். அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னாலேயே ‘ஏய்’ வந்து விழும். இரண்டு சொல்தான், கொஞ்சலில் தொடங்கி மிரட்டலில் முடிந்துவிடும். மீம் போட்டு ஊரே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவர் வாழ்க்கையைப் பார்த்தால் தெரியும். வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரி அவர் ஊர். இயக்குநராக வேண்டும் என்று 1990-ல் வீட்டை விட்டுச் சென்னைக்கு ஓடிவந்தவர். ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்திருக்கிறார். இலக்கிய ஆர்வத்தில் கவிஞர் வைரமுத்துவின் பழக்கம் கிடைத்து அவரிடம் உதவியாளராக இருந்தார். அப்புறம் ராஜ்கிரண், மணிரத்னம், வசந்த், எஸ்.ஜே. சூர்யா என்று பலரிடம் உதவி இயக்குநர். சொந்தமாக இயக்கிய முதல் படம் ‘கண்ணும் கண்ணும்’ வந்தது 2008-ல்! கணக்குப் போட்டால் பதினெட்டு வருடம். அடுத்த படம் ‘புலிவால்’ 2014. இரண்டும் அவர் நினைத்த இடத்துக்கு அவரைக் கொண்டுபோகவில்லை.

நடிப்பு பக்கவாட்டில் வந்தது. மிஷ்கின் 2011-ல் ‘யுத்தம் செய்’ படத்தில் போலீஸ் வேடம் கொடுத்தார். அங்கிருந்து அதிகாரி, அப்பா என்று நிறைய சின்னச் சின்ன வேடங்கள். 2018-ல் வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நாயகி ஜோவின் அப்பா அவர்தான். கடைசிக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். கெட்டவரும் இல்லை, துணிந்தவரும் இல்லை. எதிரில் நிற்கிற பையனின் முகத்தைப் பார்க்கக் கூசுகிற ஒரு மனிதர். அதே முகம்தான் குணசேகரனாக வந்தது என்று எனக்கு ரொம்ப நாள் உறைக்கவே இல்லை. ஒரு சொல் கூடுதலாகச் சொல்லாத நடிப்பு அது.

சீரியல் நடிப்பு என்றால் சிலர் கொஞ்சம் மட்டமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. வாரத்துக்கு ஆறு நாள் ஒளிபரப்பு. வசன பேப்பர் கையில் வந்த கொஞ்ச நேரத்தில் டேக் போக வேண்டும். ஒத்திகைக்கு அவகாசம் இருக்காது, யோசித்துச் செய்ய நேரம் இருக்காது. அந்த அவசரத்தில் ஒருவரிடமிருந்து வெளியே வருவது, வருடக்கணக்காக அவருக்குள் ஊறிக் கிடந்ததுதான். மாரிமுத்துவுக்கு உள்ளே ஒரு கிராமமே ஊறியிருந்தது. ஆனால் அவர் குணசேகரன் மாதிரி ஆள் இல்லை. டிவி விவாதத்தில் உட்கார்ந்து ஜோதிடர்களை நேருக்கு நேர் கேள்வி கேட்டவர். நிஜத்தில் எதை ஒப்புக்கொள்ளாமல் இருந்தாரோ, அதையே தினமும் குரல் கொடுத்து நடித்தார். இப்படி நடிப்பது லேசான வேலையா?

முப்பது வருடம் சினிமாவில் கிடைக்காத பேரை இந்தத் தொடர் ஒன்றரை வருடத்தில் கொடுத்தது. 2023 ஆகஸ்டில் ரஜினியின் ‘ஜெயிலர்’ படத்திலும் அவரைப் பார்த்தோம். செப்டம்பர் 8, காலையில் ‘எதிர்நீச்சல்’ டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடம்புக்கு ஏதோ செய்திருக்கிறது. வெளியே வந்து, தானே காரை எடுத்துக்கொண்டு வடபழனியில் இருக்கும் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். மாரடைப்பு. அறுபதைக்கூடத் தொடாத வயது.

செய்தி வந்தபோது நான் ஆபீஸில் இருந்தேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். “தினமும் கரிச்சுக் கொட்டுனேனே அந்த மனுசன” என்றார். பிறகு பேச்சு வரவில்லை. தாத்தா இறந்தபோது அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் போனில் அழுதார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

அவருக்குப் பதிலாக எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். அவரும் நல்ல கனமான நடிகர். ஆனால் முதல்நாள் அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கொரல் வேறயா இருக்கு” என்று சொல்லி முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இனிமேல் பார்க்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் ஒன்பதரைக்குப் பார்த்தால் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

“என்னம்மா, பிடிக்கலைன்னு சொன்ன?”

“அந்தப் புள்ளைங்க வேலைக்குப் போகுதுகளான்னு பாக்கணும்ல” என்றார்.

2024 ஜூனில் தொடர் முடியும்வரை ஒருநாள் விடவில்லை.