ஹெர்மன்ஸ்பர்க் பாதிரியார்களின் ஊர்

கேள்வி: எங்கள் பக்கத்து லுத்தரன் சபையின் பழைய பதிவேட்டில், பாதிரியார்கள் ‘ஹெர்மன்ஸ்பர்க்’கிலிருந்து வந்ததாக இருக்கிறது. அது எங்கே? 1890-களில் இங்கே இருந்த ஒருவரின் பிறப்புப் பதிவு அங்கே கிடைக்குமா?
- வாசகர், புத்தூர், ஆந்திரம்

பதில்: வட ஜெர்மனியில், லூனெபர்க் ஹைடே என்ற மணற்பாங்கான புதர்க்காட்டுப் பகுதியில் உள்ள சிற்றூர். 1849-ல் அவ்வூர்ப் போதகர் லூயி ஹார்ம்ஸ் அங்கே மிஷன் பள்ளி தொடங்கினார். அதில் படித்தவர்கள்தான் 1860-களில் சூளூர்பேட்டை, நாயுடுப்பேட்டைப் பக்கம் வந்தார்கள். 2015 முதல் அது தனி ஊராட்சி அல்ல. பக்கத்து உண்டெர்லூஸுடன் இணைந்து ஸூட்ஹைடே ஆகிவிட்டது. கடித உறையில் அந்தப் பெயரையும் 29320 என்ற அஞ்சல் எண்ணையும் எழுதுங்கள்.

ஆனால் பிறப்புப் பதிவை எடுத்த எடுப்பில் ஊராட்சி அலுவலகத்தில் கேட்காதீர்கள். அப்பகுதியில் அரசுப் பதிவு தொடங்கியதே 1874 அக்டோபரில்தான்; உங்கள் பாதிரியார் அதற்கு முன் பிறந்தவராகத்தான் இருப்பார். மேலும், மாணவர்களில் பலர் வேறு ஊர்க்காரர்கள். முதலில் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் ஆவணக் காப்பகத்துக்கு எழுதி, அவருடைய சொந்த ஊரைக் கேளுங்கள். முழுப்பெயர், இங்கே வேலை செய்த ஊர்கள், ஆண்டு, பதிவேட்டுப் பக்கத்தின் படம் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். ஊர் தெரிந்ததும், அவ்வூர் மக்கள் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் என்று பாருங்கள். சின்ன ஊர்களுக்குத் தனிக் கோயில் இருக்காது. பிறப்புப் பதிவுக்கு ஈடான ஞானஸ்நானப் பதிவு தாய்க் கோயிலில் இருக்கும். அர்ஹியோன் என்ற கட்டண இணையதளத்தில் பல பதிவேடுகள் இருக்கின்றன. கையெழுத்து குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் வகை. அதில் ‘e’ என்ற எழுத்தும் ‘n’ என்ற எழுத்தும் ஒரே மாதிரி தெரியும், பெயர்கள் தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.

திருமணப் பதிவு வேண்டுமென்றால் இன்னொரு சிக்கல். அரசுத் திருமணச் சட்டம் வந்தபின் கோயில் திருமண முறையையும் மாற்றினார்கள். லூயியின் தம்பி தியோடர் ஹார்ம்ஸ் அதை ஏற்கவில்லை, பதவி போனது. 1878-ல் சபை பிளந்து, பிரிந்தவர்கள் பெரிய சிலுவைக் கோயிலைக் கட்டினார்கள். எனவே அதன்பின் நடந்த திருமணங்களை இரண்டு இடத்திலும் தேட வேண்டும்.

முதல் உலகப்போருக்குப் பிந்திய பெயர்களை அங்கே தேடிப் பயனில்லை. ஜெர்மானியர் போனபின் பணியை ஏற்றது அமெரிக்காவின் ஒஹையோ சபை.

கேள்வி: ஆஸ்திரேலியாவிலும் ஒரு ஹெர்மன்ஸ்பர்க் இருக்கிறதே?
- வாசகி, நகரி

பதில்: இருக்கிறது. இதே மிஷன்காரர்கள் 1877-ல் ஃபிங்க் ஆற்றங்கரையில் அமைத்தது. தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் 1854-லேயே ஒன்றை அமைத்திருந்தார்கள். பிறந்த இடத்தோடு ‘நட்டால்’ என்று சேர்ந்திருந்தால் தென்னாப்பிரிக்கப் பதிவுகளைத்தான் பார்க்க வேண்டும்.