அப்பாவின் லேத் பட்டறை: ஓட்டுவதா, விற்பதா?

கேள்வி: கோவை கணபதியில் அப்பா 22 வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரும்பைக் கடையும் லேத் இரண்டு, செதுக்கும் மில்லிங் மெஷின் ஒன்று. அப்பாவும் தம்பியும் ஓட்டுகிறார்கள், கணக்கு நான் பார்க்கிறேன். முக்கால்வாசி வேலை ஒரே பம்ப் கம்பெனிக்கு. அவர்கள் ஏழு மாதமாக 4.8 லட்சம் பாக்கி. வங்கித் தவணை இரண்டு தவறிவிட்டது. தம்பி விற்றுவிடலாம் என்கிறான். அப்பா, 'இதைவிட மோசமான காலமெல்லாம் பார்த்தாச்சு' என்கிறார். அம்மாவின் நகையை அடகு வைத்துச் சமாளிக்கலாமா?

பதில்: நகை இப்போதைக்கு பீரோவிலேயே இருக்கட்டும். நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளை முதலில் பார்ப்போம்.

பம்ப் ஷாஃப்ட் (பம்பின் சுழல்தண்டு) ஒன்றுக்கு 38 ரூபாய் கூலி. மணிக்கு ஐந்து முடிகிறது, ஆக 190 ரூபாய். கரண்ட், டூல், வாடகை, தேய்மானம் எல்லாம் போக மணிக்கு 85 மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா, தம்பி கூலி எங்கே? வெளியாள் போட்டால் எட்டு மணி நேரத்துக்கு 800 ரூபாயாவது கேட்பார். அதைச் சேர்த்தால் மணிக்கு 15 ரூபாய் நஷ்டம். வீட்டு ஆள் உழைப்பைச் சும்மா என்று எழுதும் எல்லாப் பட்டறைக் கணக்கிலும் இந்த ஓட்டை இருக்கும். அதே தாளில், மில்களுக்குச் செய்யும் உதிரிபாக வேலைக்கு மணிக்கு 260 வருகிறது. அதில் கூலி போகவும் 55 நிற்கிறது.

ஆக, அப்பா சொல்வதும் சரி, தம்பி சொல்வதும் சரி. பட்டறை பிழைக்கும், ஆனால் இந்த ஷாஃப்ட் வேலையோடு பிழைக்காது. பம்ப் கம்பெனியிடம் ஷாஃப்டுக்கு 45 ரூபாய் கேளுங்கள். தராவிட்டால் 22 வருடப் பழக்கம் என்று பார்க்காமல் அந்த வேலையைக் குறைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் மில் மில்லாக ஏறி இறங்குங்கள்.

அடுத்தது பாக்கி. சிறுதொழிலுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே செய்யுங்கள், இலவசம்தான். பொருள் கொடுத்த நாளுக்கு முன்பே பதிவு இருந்தால் உங்கள் கை பலமாக இருக்கும். 2006-ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள், இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதக் கூட்டு வட்டி. இதற்கான அரசு இணையதளத்தில் புகார் கொடுத்தால், பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். கோவையிலேயே மண்டலக் கவுன்சில் இருக்கிறது.

புகாருக்கு முன் ஒரு கடிதம் போடுங்கள், கிடைத்ததற்கான அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்டில். முதலாளிக்கு மட்டும் போதாது, அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கும் ஒன்று. பில் தேதியிலிருந்து 180 நாளில் பணம் தராவிட்டால், அந்த பில்லுக்கு எடுத்த ஜி.எஸ்.டி. கிரெடிட்டை (பில்லில் உள்ள வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொண்டதை) அவர்கள் வட்டியோடு திருப்பியாக வேண்டும். உங்களுக்கு ஏழு மாதம் ஆகிவிட்டது. போதாததற்கு, குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் தராத தொகையை, கொடுக்கும் வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. முதலாளி வாசலில் நாலு மணி நேரம் காத்திருப்பதைவிட, அவர்கள் ஆடிட்டர் ஒரு வார்த்தை சொன்னால் செக் சீக்கிரம் வரும்.

வங்கிக்கு இந்த வாரமே போங்கள். நான் சிறுதொழில் கடன் பிரிவில் இருந்தபோது, பாதிப் பேர் மூன்றாம் தவணையும் தவறிய பிறகுதான் தலையைச் சொறிந்துகொண்டு வருவார்கள். 90 நாள் தாண்டிவிட்டால் கடன் வாராக்கடன் ஆகிவிடும், மேனேஜர் நினைத்தாலும் இறங்கி வருவது கஷ்டம். அதற்கு முன் போனால், ரிசர்வ் வங்கியின் சிறுதொழில் கடன் மறுசீரமைப்பு நெறிமுறைப்படி தவணையை நீட்டிக் கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்காதீர்கள். பாக்கி பில் நகல்களும் ஆறு மாத வரவு செலவும் வைத்து, எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

அப்புறம் அந்த மில்லிங். மாதத்தில் ஆறு நாள்தான் ஓடுகிறது என்கிறீர்கள். தம்பி எதையாவது விற்றே ஆக வேண்டும் என்றால் அதை விற்கலாம். மில்லிங் வேலை வந்தால் பக்கத்துப் பட்டறையில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்த மெஷினாக இருந்தால் மட்டும் வங்கியிடம் கேட்காமல் கை வைக்காதீர்கள்.