மட்டக்களப்பில் விமானியோடு பேச வழி

பார்வையில்லாத நீங்கள் ஒரு விமானியோடு பேசவும் விமானத்தைத் தொட்டுப் பார்க்கவும் வழி கேட்டீர்கள். கொழும்புக்கு அருகே இரத்மலானையிலுள்ள ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் தலைமைப் பயிற்றுநருக்கு எழுதுங்கள். மட்டக்களப்பு விமான நிலையத்துக்கு மூன்று கடிதம் போட்டும் பதிலில்லை என்றீர்கள். அங்கே வரும் விமானிகள் பெரும்பாலும் வெளியூர்க்காரர். ஆளை இறக்கி, ஏற்றிக் கிளம்பிவிடுவார்கள். கடிதம் அவர்கள் கைக்கே போயிராது.

பழைய கடிதங்களைப் பாருங்கள்: தொலைபேசி எண், துணைக்கு வருபவரின் அடையாள அட்டை இலக்கம் இருந்ததா?

சின்னதாகக் கேளுங்கள்: பார்வை இல்லை, இயந்திரம் நிறுத்தியபின் 15 நிமிடம் தொட்டுப் பார்க்க வேண்டும். இறக்கையின் பின்விளிம்பு மடல், சக்கரம், விமானியறையில் யோக் (விமானத்தைத் திருப்பும் கைப்பிடி) போதும். பீட்டோ குழாய் (பறக்கும் வேகத்தை அளக்க உதவும் சிறு குழாய்) சூடாயிருக்கலாம், கையைச் சுடும், கேட்டுவிட்டுத் தொடுங்கள். புரொப்பெல்லர் பக்கம் போகவே வேண்டாம்.

மட்டக்களப்பிலேயே சந்திப்பதென்றால், விமானப்படையும் அதே வளவில்தான். அதனால் பேச்சை ஒலிப்பதிவு செய்வதானால் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.