கராஜ் சேலில் வீட்டு அலங்காரம்: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்காவில் சின்சினாட்டிக்கு வடக்கே பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். எங்கள் கூடத்தில் கடையில் புதிதாக வாங்கியது சோபாவும் டிவியும்தான். மீதியெல்லாம் அடுத்தவர் வீட்டு வாசலில், கராஜ் சேலில் பொறுக்கியது. கேள்விகள் நிறைய வந்துவிட்டன, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி (கொலம்பஸ், ஒஹாயோ): அக்கா, வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அபார்ட்மென்ட் காலியாக இருக்கிறது, கையில் 300 டாலர். கராஜ் சேல், எஸ்டேட் சேல், ரம்மேஜ் சேல் என்று போர்டு போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. கராஜ் சேல், யார்டு சேல் என்பது ஒரு குடும்பம் தன் வீட்டில் மிஞ்சியதை வாசலில் பரப்பி விற்பது. விலை அவர்கள் வாய்க்கு வந்தது. ரம்மேஜ் சேல் பெரும்பாலும் சர்ச்சில் நடக்கும். ஊரே கொண்டுவந்து கொட்டிய சாமான், விலை ரொம்பக் குறைவு, கடைசி நாளில் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டால் இத்தனை டாலர் என்று விடுவார்கள். எஸ்டேட் சேல் வேறு. பெரும்பாலும் வீட்டுக்காரர் இறந்தோ முதியோர் இல்லத்துக்குப் போயோ, வீட்டை முழுதாகக் காலி செய்ய அதற்கென்றே உள்ள நிறுவனத்தை வைத்து விற்பது. அவர்களுக்கு விலை தெரியும். முதல் நாள் முழு விலை, கடைசி நாள் பெரும்பாலும் பாதி.

உங்கள் 300 டாலரில் முதல் மாதம் 100-க்கு மேல் தொடாதீர்கள். ஆசை தீர நான்கு சனிக்கிழமை சுற்றிப் பாருங்கள். எது எங்கே போனாலும் கிடைக்கிறது, எது அபூர்வம் என்று கண்ணுக்குப் பழகிவிடும். போகும் முன் சுவர், மூலை, வாசல் கதவு எல்லாம் அளந்து போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் செய்யாமல், தேக்கு நிறத்தில் ஒரு கண்ணாடி அலமாரியை 40 டாலருக்கு வாங்கி, மாடிப்படித் திருப்பத்தில் சிக்கவைத்து, அரை நாள் நானும் கணவரும் பேச்சு வார்த்தை இல்லாமல் நின்றோம். கடைசியில் கீழ்வீட்டுக்காரருக்கே கொடுத்தேன்.

கேள்வி (டேட்டன், ஒஹாயோ): எத்தனை மணிக்குப் போவது?

நல்ல மரச்சாமான், விளக்கு வேண்டுமென்றால் திறக்கும்போதே நிற்க வேண்டும். எங்கள் பக்கம் வியாழன் அல்லது வெள்ளியே தொடங்கிவிடுவார்கள், சனிக்கிழமை வரை காத்திருந்தால் மிச்சம்தான். எட்டு மணி என்று போட்டிருந்தால் ஏழரைக்குக் கதவைத் தட்டக் கூடாது, இங்கே அது அநாகரிகம். சின்னச் சாமான் போதும், விலை குறைய வேண்டும் என்றால் கடைசி ஒரு மணி நேரம். அப்போது அவர்களுக்கு அதையெல்லாம் திரும்ப உள்ளே தூக்கிப் போவதை நினைத்தாலே அலுப்பு.

கேள்வி (லூயிவில், கென்டக்கி): பேரம் பேச என் கணவருக்கு வெட்கம். எனக்கோ பேரம் பேசாமல் வாங்கினால் தூக்கம் வராது. எப்படிக் கேட்பது?

ரங்கநாதன் தெரு மாதிரி பாதியில் தொடங்கினால் முகம் சுருங்கிவிடும். 10 டாலர் சீட்டு ஒட்டியிருந்தால் “7-க்குத் தருவீர்களா?” என்று சிரித்துக்கொண்டே ஒரே தடவை கேளுங்கள். சரி என்றால் வாங்குங்கள், இல்லை என்றால் 10 கொடுங்கள் அல்லது நன்றி சொல்லி நகருங்கள். அதைவிட நல்ல வழி, நான்கைந்து சாமானை ஒன்றாகச் சேர்த்து “எல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்பது. அவர்களே குறைத்துவிடுவார்கள். பொருளைக் குறை சொல்லிப் பேரம் பேசாதீர்கள். அது அவர் அம்மா வைத்திருந்த ஜாடியாக இருக்கும். அப்புறம், காலை எட்டு மணிக்கு 20 டாலர் நோட்டை நீட்டாதீர்கள், சில்லறை இருக்காது. ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகளும் ஒரு கைப்பிடி குவார்ட்டரும் (25 சென்ட் நாணயம்) கொண்டு போங்கள். 1 டாலர் பொருளுக்குப் பேரம் வேண்டாம், உங்கள் கணவர் வெட்கப்படுவது அந்த இடத்தில் நியாயம்தான்.

கேள்வி (மேசன், ஒஹாயோ): நம் ஊர்ப் பித்தளை மாதிரியே குவளை, மயில், பூச்சாடி எல்லாம் இங்கே சேலில் பார்க்கிறேன். உண்மையான பித்தளையா? வாங்கலாமா?

எனக்குப் பிடித்த கேள்வி. பலவும் உண்மையான பித்தளைதான், அதிலும் நம் நாட்டுப் பித்தளை. உத்தரப்பிரதேசத்து மொராதாபாத்திலிருந்து செதுக்கு வேலை செய்த ஜாடியும் தட்டும் மணியும் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாக வந்திருக்கின்றன. திருப்பிப் பாருங்கள், அடியில் ‘இந்தியா’ என்று ஆங்கிலத்தில் குத்தியிருக்கும், அல்லது ஒரு சின்னக் காகித ஸ்டிக்கர். விற்பவருக்கு அது பாட்டி வீட்டுப் பழசு, 2 டாலர், 3 டாலர்.

சாவிக்கொத்தில் ஒரு சின்னக் காந்தம் மாட்டிக்கொள்ளுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். ஒட்டவில்லை என்பதாலேயே பித்தளை என்றும் சொல்ல முடியாது, துத்தநாகக் கலவைக்கு முலாம் பூசியிருந்தாலும் காந்தம் ஒட்டாது. அடிப்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு கீறல் இருக்கிறதா என்று தேடுங்கள். கீறலுக்குள்ளும் மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் நிறமாக இருந்தால் விட்டுவிடுங்கள். கையில் தூக்கினாலும் தெரியும், பித்தளை தன் அளவுக்கு மீறிக் கனக்கும்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் செய்கிற தப்பு, உடனே புளியும் உப்பும் போட்டுத் தேய்ப்பது. தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும், பாதி இடத்தில் கறை அப்படியே நிற்கும். ஏற்றுமதிச் சாமானுக்குக் கறுக்காமலிருக்க மேலே லாக்கர் என்ற வார்னிஷ் மாதிரிப் பூச்சு பூசியிருப்பார்கள், அதைத் தாண்டிப் புளி உள்ளே போகாது. பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் கொதிக்கவிட்டு இரண்டு மூன்று ஸ்பூன் பேக்கிங் சோடா போட்டுச் சாமானைக் கால் மணி நேரம் முக்கி வையுங்கள். லாக்கர் பாம்புச் சட்டை போலச் சுருண்டு உரியும். அதற்கப்புறம் புளி. பத்து நிமிடத்தில் பளபளவென்று நம் வீட்டுப் பூஜையறை நிறம் வந்துவிடும். ஒன்று மட்டும், இவை அலங்காரத்துக்குத்தான். உள்ளே வெள்ளீயம் பூசாத பித்தளை, என்ன கலவை என்றும் தெரியாது. ரசம் வைக்க வேண்டாம்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு வீட்டுத் திண்ணையில் காய்ந்த பூக்கள் சொருகிய ஒரு சின்னப் பாத்திரம் இருந்தது. பூவை எடுத்துவிட்டுப் பார்த்தால் சொம்பு. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் குத்திய இரண்டு தமிழ் எழுத்து, ‘மீ’யும் ‘சு’வும். கல்யாணச் சீருக்கு நம் ஊரில் பெயர் வெட்டுவார்களே, அதே கை. எப்படி வந்தது என்று கேட்டேன். மாமா யாரோ கொண்டுவந்தார், எந்த நாடு என்று ஞாபகமில்லை என்றார் அந்த அம்மா. 3 டாலர் என்றார், கொடுத்தேன். இன்றுவரை அந்த மீ. சு. யாராக இருக்கும் என்று யோசிக்காமல் அதைத் துடைத்ததில்லை.

கேள்வி (இண்டியானாபொலிஸ்): மர மேஜை, டிராயர் வாங்கும்போது நல்ல மரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறான்.

டிராயரை வெளியே இழுத்துப் பக்கவாட்டு மூலையைப் பாருங்கள். இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி மரம் மரத்தோடு கோத்திருந்தால் அது டவ்டெயில் இணைப்பு. அப்படிச் செய்தவர் மற்றதையும் ஒழுங்காகச் செய்திருப்பார். ஸ்டேப்ளர் பின்னும் பசையும் மட்டும் என்றால் யோசியுங்கள். பின்பக்கமும் கால் அடியும் பாருங்கள். ஓரத்தில் மரத்தூள் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு, ஒருமுறை ஈரம் பட்டால் கீழ்ப்பக்கம் இட்லி மாதிரி உப்பிவிடும். மேலே வெனியர் என்ற மெல்லிய மரத்தகடு ஒட்டியிருப்பது குற்றமில்லை, அந்தக் காலத்து நல்ல மேஜைகளிலும் உண்டு. ஊசி முனையளவு ஓட்டைகளும் கீழே மாவு போன்ற பொடியும் இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. இலவசம் என்றாலும் வேண்டாம்.

குழந்தை இருப்பதால் இரண்டு விஷயம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டிலும் பெயின்ட் அடித்த மரச்சாமானிலும் காரீயத்தைத் தடை செய்தது 1978-இல். அதற்கு முந்தியது போலத் தெரிகிற, பெயின்ட் உரிகிற சாமானை வாங்காதீர்கள், வாங்கிச் சுரண்டவோ உப்புத்தாள் போடவோ செய்யாதீர்கள், அந்தத் தூசிதான் ஆபத்து. வார்னிஷ் மட்டும் போட்ட மரத்தைத் தேடுங்கள். இரண்டாவது, பழைய தொட்டில். பக்கம் கீழே இறங்குகிற வகைத் தொட்டில்களை 2011 ஜூனிலிருந்து விற்கவே தடை, பல குழந்தைகள் சிக்கி இறந்ததால் வந்த சட்டம். இன்னும் சில கராஜ்களில் தென்படுகிறது. உயரமான டிராயர் எது வாங்கினாலும், குழந்தை ஏறினால் சாயாமலிருக்கச் சுவரோடு சேர்த்துப் பட்டை போட்டு முடுக்கிவிடுங்கள், அந்தப் பட்டை ஹார்ட்வேர் கடையில் சில டாலர்தான்.

கேள்வி (அதே ஊர், இன்னொருவர்): சோபா, மெத்தை?

மெத்தை வேண்டாம். சோபாவும் வேண்டாம் என்பேன். மூட்டைப்பூச்சி ஒன்று வந்தால் மிச்சம் பிடித்ததுபோல் பத்து மடங்கு செலவு. சிகரெட் வாசனையும் பஞ்சுக்குள் போனால் போகாது.

கேள்வி (நோவை, மிச்சிகன்): சுவர் வெறுமையாக இருக்கிறது. படங்கள் எல்லாம் வாத்து, படகு, கலங்கரை விளக்கம். நமக்கு ஒத்துவரவில்லையே?

படத்தை யார் பார்க்கச் சொன்னது? சட்டத்தை, அதாவது ஃப்ரேமைப் பாருங்கள். கடையில் அளவு கொடுத்துச் சட்டம் போட்டால் 100 டாலரைச் சுலபமாகத் தாண்டும். இங்கே கண்ணாடியோடு நல்ல மரச்சட்டம் 3, 4 டாலர். 8-க்கு 10, 11-க்கு 14, 16-க்கு 20 அங்குலம் என்றால் படத்தைச் சுற்றி உள்ளே வைக்கும் மேட் அட்டை கடையில் ரெடியாகக் கிடைக்கும். நான் கிழிந்துபோன என் கல்யாணக் கூறைப்புடவையின் கரையை வெட்டி மூன்று சட்டத்தில் வைத்தேன், வாத்து வெளியே போயிற்று. சட்டங்கள் வெவ்வேறாக இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட்.

மேஜை விளக்கும் அப்படித்தான், அடிப்பாகத்தைப் பாருங்கள், மேல் கூடை மாற்றிக்கொள்ளலாம். கைப்பையில் ஒரு பல்பு வைத்துக்கொண்டு, “ஒருமுறை மாட்டிப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள், ஒருவரும் மறுத்ததில்லை. ஒயர் விறைத்து வெடித்திருந்தால் மாற்றாமல் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): அக்கா, நாங்கள் நாலு கதிரையோட ஒரு சாப்பாட்டு மேசை தேடுறம். இஞ்ச எஸ்டேட் சேல் எண்டு ஒண்டும் அவ்வளவாக் காணேல்லையே?

டொராண்டோ பக்கம் அதை கன்டென்ட்ஸ் சேல் என்று போடுவார்கள், அந்தப் பெயரில் தேடிப் பாருங்கள். கதிரை நான்கையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து இடமும் வலமும் ஆட்டிப் பார்த்து வாங்குங்கள். மூன்று நல்லது, ஒன்று ஆட்டம் என்பதுதான் வழக்கம். பசை விட்டுக் கயிறு கட்டி ஒரு ராத்திரி வைத்தால் சரியாகிவிடும், ஆனால் விலையில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ப்ளூமிங்டன், இலினாய்): அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். எஸ்டேட் சேல் என்றால் செத்தவர் வீட்டுச் சாமான், வீட்டுக்குள் கொண்டுவராதே என்கிறார். என்ன சொல்வது?

ஒன்றும் சொல்லாதீர்கள். அவர் இருக்கும்வரை கராஜ் சேல், சர்ச் சேலோடு நிறுத்துங்கள். என் மாமியாரும் அப்படித்தான் சொன்னார். மூன்றாவது வாரம் காரில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இறங்கி வந்தவர், பீங்கான் ஊறுகாய் ஜாடி மாதிரி ஒரு பழுப்புக் கல்ஜாடியைக் கையில் பிடித்துக்கொண்டு விடவில்லை. கல் உப்புப் போட்டுக் கழுவினால் தோஷமில்லை என்று அவரே ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்தார்.

கேள்வி (ட்ராய், மிச்சிகன்): கொலுவுக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்குமாவா! ஜூன், ஜூலையிலேயே தொடங்குங்கள். கிறிஸ்துமஸுக்கு வைக்கும் பீங்கான் கிராமங்கள் இருக்கின்றனவே, டிபார்ட்மென்ட் 56 என்ற கம்பெனி செய்வது மாதிரி, குட்டி வீடு, பாலம், தபால் பெட்டி, விளக்குக் கம்பம், அவை கோடையில் யாருக்கும் வேண்டாம். பூங்காவுக்கும் ஊருக்கும் அளவெடுத்தது போல இருக்கும். கூரையெல்லாம் பனி என்பதுதான் சங்கடம். நான் அந்த வரிசையைக் கைலாயம் என்று சொல்லி நடுவில் சிவனை உட்கார வைத்துவிட்டேன், யாரும் ஆட்சேபிக்கவில்லை. பொம்மை ரயில், டால்ஹவுஸ் கட்டில் மேஜையும் விடாதீர்கள். படிக்கு, ஒரே அகலமான புத்தக அலமாரிகளை வெவ்வேறு உயரத்தில் வாங்கி முன்னும் பின்னும் நிறுத்துங்கள். ஒன்பது நாள் கழித்து மறுபடி புத்தக அலமாரி.

கேள்வி (ஆன் ஆர்பர், மிச்சிகன்): ஆகஸ்டில் நடக்கும் அந்த நீளமான யார்டு சேலுக்குப் போகலாமா?

127 யார்டு சேல், 127 என்ற நெடுஞ்சாலை ஓரமாக நடப்பது. 1987-இல் தொடங்கியது. அதிவேகச் சாலையிலேயே பறந்துகொண்டிருந்த பயணிகளைச் சின்ன ஊர்கள் வழியே இழுக்கத்தான். இப்போது மிச்சிகனின் அடிசனிலிருந்து அலபாமாவின் காட்ஸ்டன் வரை சுமார் 690 மைல், ஆறு மாநிலம். ஆகஸ்ட் முதல் வியாழன் தொடங்கி நான்கு நாள். நான் கென்டக்கிப் பக்கம் இரண்டு தடவை போயிருக்கிறேன். பார்க்க வேண்டிய கூத்துதான், ஆனால் வியாபாரிகளும் கடை போடுகிறார்கள், வெயிலும் நெரிசலும். மலிவு மட்டும் நோக்கமென்றால் உங்கள் ஊர் சர்ச் போதும். போனால் ஒரே மாநிலத்தில் முப்பது நாற்பது மைலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தண்ணீர், தொப்பி, புளிசாதம், பழைய போர்வை இரண்டு. பின்சீட்டை மடக்கிவைத்து, குழந்தைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். திரும்பும்போது அவர்களுக்கு இடமிருக்காது.