எந்தக் குறும்படம் போடலாம்? – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா. நாங்கள் ஆறு தொண்டூழியர்கள். கோலாலம்பூரில் அகதிப் பிள்ளைகள் படிக்கும் கற்றல் மையம் ஒன்றுக்கு மாதம் ஒருமுறை போய் வருகிறோம். வீடுகளில் அடிதடி அதிகம் என்று ஆசிரியைகள் சொல்கிறார்கள். அடுத்த முறை அப்பாக்களையும் பையன்களையும் உட்காரவைத்து, பெண்களை மதிப்பது பற்றி ஒரு மணி நேரம் பேசப்போகிறோம். எந்தக் குறும்படம் போட்டால் மனத்தில் பதியும்?
க., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

ஓய்வு நாளில் பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போகிறீர்களே, அந்த மனசுக்கு என் அன்பு. குறும்படத்தை விடுங்கள். அப்பா பக்கத்தில் இருக்கும்போது 15 வயதுப் பையன் வாயைத் திறப்பானா? பிரித்து உட்காரவையுங்கள். வேலையில்லாத விரக்தியில் அடிக்கிறார்கள் என்றும் யாராவது சொல்வார்கள். மலேசியாவில் அகதிகளுக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை இல்லைதான். பெண்களுக்கும்தான் இல்லை.

கொஞ்ச நாளாக என்னை அரிப்பது வேறு. ஆண்களைத் திருத்த வேண்டும் என்றதும் எல்லாரும் நேரே ஆண்களிடம் ஓடுகிறார்கள். அந்த வீட்டுப் பெண்களை யார் கேட்டீர்கள்? அகதிகளுக்கு உதவும் ஐஆர்சி (International Rescue Committee) அமைப்பிடம் 'இமாப்' (EMAP) என்று ஒரு முறை உண்டு, பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க ஆண்களைப் பேசவைக்கும் முறை. அதில் ஆண்கள் 16 வாரம் கூடுவார்கள். பெண்கள் அதற்கு முன்பே கூடிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். கிழக்குக் கொங்கோவில் அதைச் சோதித்த ஆய்வு 2020இல் வெளியானது. ஆண்களின் எண்ணம் மாறியிருந்தது, வீட்டு வேலையிலும் கைகொடுத்தார்கள். ஆனால் மனைவிமார் சொன்ன அடி உதைக் கணக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆண்களை மட்டும் கேட்டிருந்தால் வெற்றி விழா எடுத்திருப்போம்.

ஆகவே முதலில் பெண்கள். தனி இடம், பெண் தொண்டூழியர், அவர்கள் மொழி தெரிந்த ஒருவர். "உன்னை அடிக்கிறாரா?" என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். ஆண்களிடம் எதைப் பேச வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று கேளுங்கள். சொன்னதை அப்படியே ஆண்களிடம் கொண்டுபோகவும் கூடாது. "சம்பளத்தைத் தம்பி கையில் கொடுக்கிறார்" என்று பெயரில்லாமல் சொன்னாலும், பத்து வீட்டுக் கூட்டத்தில் ஆள் தெரிந்துவிடும், அன்றிரவே "நீதானே சொன்னே?" என்று விசாரணை நடக்கும். பொதுவாக்கி, அவர்கள் சம்மதித்ததை மட்டும் எடுத்துப் போங்கள். அடிபட்டவள் நடுராத்திரியில் யாரை அழைப்பாள், போலீசுக்குப் பயப்படுகிறவள் எங்கே போவாள் என்பதற்கு விடை கையில் இல்லாமல் ஆண்கள் கூட்டத்தைத் தொடங்கவே தொடங்காதீர்கள். ஒருவர் அடித்ததை ஒப்புக்கொண்டால் தம்பதியை உட்காரவைத்துச் சமாதானம் பேசும் வேலையும் வேண்டாம்.

ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் பெண்களிடம் திரும்பப் போங்கள். "நான் பயிற்சிக்குப் போனவன், எனக்கே சொல்லித் தருகிறாயா?" என்று புதிதாக மிரட்டும் கணவர்கள் உண்டு. அது அந்தப் பெண்கள் வாயிலிருந்துதான் தெரியவரும்.

உங்கள் ஆறு பேரில் எத்தனை பெண்கள்? கடிதத்தில் அதைச் சொல்லவேயில்லை.