இரண்டு மேர்ல் நாய்களைச் சோடி சேர்த்தால் குட்டிகள் எல்லாம் மேர்லாகவே பிறக்குமா?

பெட்டையும் கடுவனும் மேர்ல் எனப்படும் சாம்பல் திட்டுகள் கொண்ட டாஷ்ஹண்ட் இன நாய்கள் என்றும், குட்டிகளும் அதே நிறத்தில் பிறந்தால் நல்ல விலை போகும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தச் சோடியைச் சேர்க்காதீர்கள். நீங்கள் எதிர்பார்க்கும் இலாபமும் அதில் இல்லை.

மேர்ல் நிறத்துக்குக் காரணமான பரம்பரையலகு மாற்றம் 2006இல் கண்டறியப்பட்டது. அதன் ஒரு பிரதி இருந்தாலே கறுப்பு உரோமம் திட்டுத் திட்டாக வெளிறிவிடும். தாய், தந்தை இருவரிடமும் ஒவ்வொரு பிரதி இருந்தால், சராசரியாகக் குட்டிகளில் பாதி மேர்லாகவும், கால்வாசி சாதாரண நிறத்திலும், மிகுதிக் கால்வாசி இரட்டைப் பிரதியுடனும் பிறக்கும். உங்கள் பெட்டையைத் திட்டில்லாத கறுப்புக் கடுவனுடன் சேர்த்தாலும் பாதிக் குட்டிகள் மேர்ல்தான். ஆகவே மேர்லுடன் மேர்லைச் சேர்ப்பதால் கூடுதலாகக் கிடைப்பது அந்த இரட்டைப் பிரதிக் குட்டிகள் மட்டுமே.

அவை பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். நிறக்கலங்கள் உரோமத்துக்கு மட்டும் உரியவை அல்ல. உட்செவியில் அவை இல்லாவிட்டால் ஒலியை உணரும் கலங்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும், பிறகு முளைப்பதும் இல்லை. 2009இல் வெளியான ஆய்வொன்றில் இரட்டைப் பிரதி நாய்களில் நான்கில் ஒன்றுக்கு ஒரு காதாவது கேட்கவில்லை. கண்கள் சிறுத்துப் பார்வையின்றிப் பிறப்பவையும் உண்டு. கல்முனையில் ஒரு வீட்டில் அப்படியொரு குட்டியைப் பார்த்தேன். சோற்றுச் சட்டியில் அகப்பை தட்டுப்பட்ட சத்தத்துக்கு மற்றக் குட்டிகளெல்லாம் எழுந்தோட, அது மட்டும் உறங்கிக் கிடந்தது. ஒன்று அதன் முதுகில் மிதித்த பிறகுதான் தலையைத் தூக்கியது. அதை "அபூர்வ வெள்ளை" என்று விலை பேசிக்கொண்டிருந்ததை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வேறு கடுவன் தேடும்போதும் கவனம் வேண்டும். மேர்ல் கறுப்பு நிறப்பொருளையே வெளிறச் செய்வதால், கிரீம் அல்லது செம்மஞ்சள் நாயில் அது வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கலாம். தாய் தந்தையின் நிறம் தெரியாத அத்தகைய நாயைப் பரம்பரையலகுப் பரிசோதனை செய்யாமல் சேர்க்க வேண்டாம்.

தவறுதலாக ஏற்கெனவே சேர்ந்துவிட்டிருந்தால், தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். வெள்ளைக் குட்டி பிறந்தால் விற்காமல் வேலிக்குள்ளேயே வளர்த்து, கைச்சைகையால் பழக்குங்கள். பஸ் வரும் சத்தம் கேட்காத நாயைக் கல்முனை வீதியில் அவிழ்த்துவிட முடியாது.