சீரியல் பார்ப்பதால் ஒருவருடைய எண்ணம் உண்மையிலேயே மாறுமா?

"கதை என்று எல்லாருக்கும் தெரியும், வெறும் பொழுதுபோக்குதானே" என்று கேள்வியிலேயே சேர்த்திருக்கிறீர்கள். கதை என்று தெரிந்தாலும் மாறும் என்பதுதான் என் பதில். ஆனால் எல்லா விஷயத்திலும் ஒரே மாதிரி மாறாது. என் அம்மாவை வைத்தே சொல்கிறேன்.

நாங்கள் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்காரர்கள். அம்மா முப்பது வருடம் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். மலேசியாவுக்குத் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் வந்தது, வண்ணம் 1978இல் வந்தது. என் சின்ன வயதில்கூட எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், டிவி பெட்டி இருந்தவை இரண்டுதான். அரசுத் தொலைக்காட்சியான ஆர்டிஎம்மில் தமிழ்ப் படம் போட்டால் வாசல் வரை ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். 1996இல் ஆஸ்ட்ரோ என்ற கட்டணச் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்த பிறகுதான், கூரையில் தட்டு மாட்டிய வீடுகளில் தமிழ் நாள் முழுக்க ஓட ஆரம்பித்தது.

படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், எழுந்து போய்விடலாம். சீரியல் அப்படி விடாது. 1930களில் அமெரிக்க வானொலியில் சோப்புக் கம்பெனிகளின் பணத்தில் வளர்ந்த வடிவம் இது. வீட்டில் இருக்கும் பெண்கள் நாளைக்கும் கேட்க வேண்டும், நாளைக்கும் விளம்பரம் போக வேண்டும். அதனால் கதை முடியவே கூடாது. அறை விழும் இடத்தில் இன்றைக்கு நிறுத்துவார்கள், யாருக்கு விழுந்தது என்று நாளைக்குக் காட்டுவார்கள். வருடக்கணக்கில் இப்படி வந்துபோகிறவர்கள் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு ஆட்கள் மாதிரி ஆகிவிட்டார்கள்.

அறை விழுந்ததும் ஏழெட்டு முகங்களை இடி இசையோடு ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள், கவனித்திருப்பீர்கள். அந்த முகங்களைத் தனியாக வெட்டி எடுத்துப் பார்த்தால் பாதியில் ஒன்றுமே இருக்காது. ரஷ்ய இயக்குநர் லெவ் குலஷோவ் ஏறக்குறைய நூறு வருடத்துக்கு முன்பே இதைச் செய்து காட்டினார். சலனமில்லாத ஒரே முகத்தை ஒரு முறை சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்திலும் ஒரு முறை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டினார். பார்த்தவர்களுக்கு முதலில் பசி தெரிந்தது, அப்புறம் துக்கம் தெரிந்தது. அதாவது, முகத்தில் இல்லாததை நாமே கொண்டுபோய் வைக்கிறோம்.

ஒவ்வொருவரும் கொண்டுபோவது வேறு. ஒரு சீரியலில் மருமகள் ராத்திரியில் பெட்டியோடு வீட்டைவிட்டுப் போகிறாள். "பிள்ளைய விட்டுட்டு எப்படிப் போக மனசு வந்துச்சு" என்றார் அம்மா. பக்கத்து வீட்டு அத்தை, குடிகார மாமாவோடு இருபது வருடம் ஓட்டியவர், "இவ எப்பவோ போயிருக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு அவருடைய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. ஜமைக்காவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய ஸ்டுவர்ட் ஹால் 1973இல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. எடுத்தவர் சொன்னதை அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி மறுக்கலாம், அடியோடு எதிர்த்தும் பார்க்கலாம் என்றார்.

எப்போது ஏற்கிறோம், எப்போது மறுக்கிறோம் என்பதை அம்மாவிடம்தான் பார்த்தேன். ஒரு உள்ளூர் நாடகத்தில் தோட்டக் காட்சி வந்தது. நல்ல வெயிலில் ஒரு பெண் மரத்தில் கத்தி வைக்கிறாள், மங்கில், பால் பிடிக்கும் கிண்ணத்தில், பால் சொட்டுகிறது. அம்மா சட்டென்று முன்னால் வந்து உட்கார்ந்தார். "வெயில் ஏறுன பிறகு பால் எங்க இப்படி ஓடும்? விடியறதுக்கு முன்ன விளக்கு கட்டிக்கிட்டுப் போவோம். அந்தப் புள்ள அழுத்துற அழுத்துக்கு மரம் காயம் பட்டுரும், அந்த இடத்துல பட்டை சரியா வளராது." அன்றைக்கு அந்த நாடகம் சொன்ன எதையும் அவர் நம்பவில்லை, அதில் வந்த காதலைக்கூட.

அதே அம்மா, அண்ணனுக்குத் தஞ்சாவூரில் பெண் பார்த்தபோது வேண்டாம் என்றார். "அங்கெல்லாம் சொத்து, கேஸுன்னு இழுத்து விட்டுருவாங்கப்பா. மாமியாருக்கு மருந்து வச்ச கதையெல்லாம் பாக்குறோம்ல." அதுவரை அவர் தமிழ்நாட்டுக்குப் போனதே இல்லை. காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நின்றவருக்கு, பட்டுச்சேலையோடு இட்லி பரிமாறும் வீட்டைச் சோதித்துப் பார்க்கக் கையில் அளவுகோல் இல்லை. மரம் வெட்டுவதில் நாடகத்தைத் திருத்தியவர், தெரியாத ஊர் விஷயத்தில் நாடகத்தை நம்பினார். எனக்குப் படுவது இதுதான். நாம் வாழ்ந்த இடத்தில் தொலைக்காட்சிக்குப் பெரிய பலம் கிடையாது. வாழாத இடத்தில், கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில், அது சொன்னதுதான் ஊர் என்று ஆகிவிடுகிறது.

எதிர்ப்பக்கமும் அப்படித்தான். ஒரு வழியாகக் கல்யாணம் நடந்து அண்ணி வந்தார். தமிழ்ப் படங்களில் மலேசியா என்றால் கோலாலம்பூரின் 452 மீட்டர் இரட்டைக் கோபுரமும் கார் துரத்தலும்தான். அதையே பார்த்து வளர்ந்தவர், எங்கள் வீட்டுப் பின்னால் வரிசை வரிசையாக நின்ற செம்பனையை, எண்ணெய்ப் பனை மரங்களை, பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தமிழர்கள் இங்கே தோட்டத்தில் இத்தனை தலைமுறை உழைத்திருக்கிறார்கள் என்று எந்தப் படமும் தனக்குச் சொல்லவில்லை என்று பிறகு சொன்னார். அது எனக்கு வலித்தது. சீரியலில் அழும் பெண்களுக்காக அம்மா அத்தனை வருடம் அழுதிருக்கிறார். விளக்கு கட்டிக்கொண்டு போகும் ஒரு பெண்ணை அந்தப் பக்கத்தில் ஒருவரும் பார்த்ததில்லை.

இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்க்கிறார்கள். மாமியார் சதி செய்யும் காட்சி வந்தால் அம்மா திரும்பி, "உங்க ஊர்ல இப்படியாம்மா?" என்று கேட்பார். "எங்க தெருவுல அப்படி யாரும் இல்ல அத்தை" என்பார் அண்ணி. அப்புறம் அம்மா சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அந்தத் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்க ஆரம்பிப்பார்.